துப்பாக்கி தானாக வெடிப்பதில்லை

நம்மூர் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. "துப்பாக்கி தவறுதலாக வெடித்தது." இதற்கு அண்ணன் தம்பிகளும் உண்டு. "துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெடித்தது." "எதிர்பாராதவிதமாகக் குண்டு பாய்ந்தது." பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயாவிடம் கொடுத்து எழுவாய் எது என்று கேட்டால், முதல் வாக்கியத்தில் துப்பாக்கி என்பார், கடைசி வாக்கியத்தில் குண்டு என்பார். மனுஷன் எங்கே ஐயா? காணோம். காட்டில் பருத்தி வெடிக்கிறது, மரத்தில் இலவங்காய் வெடிக்கிறது, அது மாதிரி துப்பாக்கியும் நாள் வந்தால் தானாக வெடித்துவிடும் போலிருக்கிறது!

என் கட்சி இதுதான். துப்பாக்கி விபத்து என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை விபத்தே இல்லை. குழலின் முனை எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கவனிக்காத ஒரு ஆள் செய்த காரியம். அந்த ஆளைக் காப்பாற்றத்தான் இந்த "வெடித்தது", "பாய்ந்தது" எல்லாம்.

கவனிக்காத ஆட்களில் இரண்டு வகை. ஒருவன் குழலைச் சுத்தமாக மறந்தவன். பேசிக்கொண்டே துப்பாக்கியை அங்கும் இங்கும் ஆட்டுகிறவன். இவனைத் திட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்னொருவன் கவனமாகத்தான் இருக்கிறான். ஸ்கோப்பில் கண்ணை வைத்து, மூச்சைப் பிடித்து, இலக்கு தெளிவாகத் தெரிந்த பிறகுதான் சுடுகிறான். ஆனாலும் குண்டு போய் எதையோ உடைக்கிறது. "எனக்குத் தெளிவாத்தான் தெரிஞ்சுது" என்கிறான். பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெளிவாகத்தான் தெரிந்தது. தெரிந்தது கண்ணுக்கு. சுட்டது குழல்.

இதைப் புரிந்துகொள்ள ராணுவத்தில் சேரவேண்டாம். பழைய கிராமத்து வீட்டின் நிலைவாசலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைகிறோம். கண்ணுக்கு எதிரே வாசல் அகலமாகத் திறந்து கிடக்கிறது. கண் தாராளமாக நுழைந்துவிடும். மடேர் என்று உச்சந்தலை நிலையில் மோதுகிறது. கண்ணுக்கு மேலே அரைச் சாண் உயரத்துக்கு நெற்றியும் தலையும் இருக்கிறது என்பது மறந்துபோனதுதான் காரணம். அப்போதும் நாம் என்ன சொல்கிறோம்? "நிலை இடிச்சிருச்சு." நூறு வருஷமாக நகராமல் நிற்கிற நிலை நம்மை வந்து இடித்ததாம்!

ரைஃபிளில் இதே கதைதான், தலைகீழாக. ஸ்கோப் மேலே, குழல் கீழே. வேட்டை ரைஃபிள்களில் ஸ்கோப்பின் நடுக்கோடு குழலின் நடுக்கோட்டுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் மேலே இருக்கும். அமெரிக்காவில் பிரபலமான ஏ.ஆர்.15 மாதிரி ரைஃபிள்களில் 6 சென்டிமீட்டருக்கும் மேல். அதாவது கண் பார்க்கிற கோடு ஒன்று, குண்டு போகிற கோடு வேறொன்று. இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கவேண்டும் என்பதற்காகக் குழலை மிக மிகச் சின்னக் கோணத்தில் மேல்நோக்கி இருக்கும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வார்கள். 100 மீட்டரில் சரிசெய்தால் 100 மீட்டரில் சந்திக்கும். அதற்கு முன்னால்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்கோப் குழலுக்கு மேலே 6.5 சென்டிமீட்டரில் இருக்கிறது, 100 மீட்டருக்குச் சரிசெய்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழலைவிட்டு 1 மீட்டர் தள்ளிக் குண்டு பார்வைக்கோட்டுக்குக் கீழே ஏறக்குறைய அதே 6.5 சென்டிமீட்டரில் போகும். 3 மீட்டரில் 6. 10 மீட்டரில்கூட 5 சென்டிமீட்டருக்குமேல் கீழேதான். ஸ்கோப்பில் பார்க்கிறவனுக்கு இது எதுவும் தெரியாது. ஸ்கோப் தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி. மூக்குக்கு எதிரே இருக்கும் சுவர் அதில் தெரியவே தெரியாது, தெரிந்தாலும் மங்கலாக ஒரு நிழல் மாதிரி.

அதனால்தான் காரின் பானட் மீது கையை ஊன்றிச் சுடுகிறவன் தன் கார் பானட்டையே கிழிக்கிறான். குட்டிச்சுவருக்குப் பின்னால் ஒளிந்து சுடுகிறவன் அந்தச் சுவரின் விளிம்பையே உடைத்து, சில்லுகளைத் தன் முகத்தில் வாங்கிக்கொள்கிறான். தரையில் படுத்துச் சுடுகிறவன் அரை மீட்டர் தள்ளியிருக்கும் மண்மேட்டைச் சுடுகிறான். குண்டின் வேகத்தை அளக்க குரோனோகிராஃப் என்று ஒரு கருவி உண்டு. பழைய வகையில் துப்பாக்கிக்கு முன்னால் சில மீட்டர் தள்ளி அதை ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, அதன் தலைக்கு மேலே குண்டு போகும்படி சுடவேண்டும். எத்தனை பேர் அந்தக் கருவியையே சுட்டுத் தள்ளியிருக்கிறார்கள் என்பது துப்பாக்கிக்காரர்கள் நடுவே ஓயாத ஜோக். ஸ்கோப் வழியாகப் பார்த்தால் கருவிக்கு மேலே இடம் இருக்கும். 6 சென்டிமீட்டர் கீழே இருக்காது.

துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கூத்து இன்னும் அதிகம். கீழே இருந்த இந்த வித்தியாசம் இப்போது இடப்பக்கமோ வலப்பக்கமோ போய்விடும். சுவர் ஓரமாக, தூண் ஓரமாக எட்டிப் பார்த்துச் சுடுகிறவனுக்குச் சுவர்தான் முதல் இலக்கு. பக்கத்தில் நிற்பது சுவர் இல்லாமல் ஒரு ஆளாக இருந்தால்? பானட்டும் குரோனோகிராஃபும் சிரிக்கிற விஷயம். இது சிரிக்கிற விஷயம் இல்லை.

"ரெண்டு இஞ்ச் வித்தியாசத்துக்கா இவ்வளவு சத்தம்?" என்று கேட்பீர்கள். ரெண்டு இஞ்ச் என்பது பணயக்கைதியின் கன்னத்துக்கும் அவரைப் பிடித்து வைத்திருப்பவன் நெற்றிக்கும் உள்ள தூரம். பத்து மீட்டரில் நெற்றியைப் பார்த்துச் சுட்டால் குண்டு நெற்றிக்குப் போகாது. அதனால்தான் ஒழுங்கான போலீஸ், கமாண்டோ பயிற்சிகளில் கிட்டத்தில் சுடும்போது எவ்வளவு மேலே குறிவைக்கவேண்டும் என்று தனியாகச் சொல்லித் தருகிறார்கள்.

கண்ணும் குழலும் வேறு வேறு என்பது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1915-ல் கல்லிப்போலி போர்முனையில் பதுங்குகுழிக்கு மேலே தலை தூக்கினால் சாவு என்ற நிலை. வில்லியம் பீச் என்கிற ஆஸ்திரேலியச் சிப்பாய் ரைஃபிளின் கீழே மரச்சட்டத்தில் இரண்டு கண்ணாடித் துண்டுகளைப் பொருத்தி பெரிஸ்கோப் ரைஃபிள் செய்தார். குழல் மண்மேட்டுக்கு மேலே, கண் பத்திரமாகக் கீழே. கண்ணுக்கு முன்னால் மண்சுவர் இருந்தாலும் பரவாயில்லை, குழலுக்கு முன்னால் இருக்கக்கூடாது என்பது அந்தச் சிப்பாய்க்குத் தெரிந்திருந்தது. நூறு வருஷத்துக்குப் பிறகு, லட்சக்கணக்கில் விலை கொடுத்து ஸ்கோப் வாங்குகிறவனுக்கு மறந்துவிடுகிறது.

நம்ம செட்டுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சினிமா. ஸ்கோப்பின் வட்டத்துக்குள் வில்லன் தலை, குறுக்கே கூட்டல் குறி, டப். அப்புறம் கம்ப்யூட்டர் கேம். நம்மில் பாதிப்பேர் ராத்திரி பூரா விளையாடிய கவுன்டர் ஸ்ட்ரைக்கில் குண்டு குழலிலிருந்து கிளம்பவே கிளம்பாது. ஆட்டக்காரனின் கண் இருக்கிற புள்ளியிலிருந்துதான் கிளம்பும். அதனால் பெட்டிக்குப் பின்னால் பதுங்கி, கண் மட்டும் தெரிகிற அளவுக்கு எட்டிப் பார்த்தாலே அதில் சுடலாம். பெட்டியில் படாது. கேமுக்கு அது சௌகரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆயிரம் மணிநேரம் "கண் போகும் இடத்துக்குக் குண்டு போகும்" என்று பழகிய மூளையோடு ஒருத்தன் நிஜ ரைஃபிளைத் தொட்டால், அவன் ஒன்றும் தெரியாதவனைவிட மோசம். ஒன்றும் தெரியாதவன் பயப்படுவான். இவன் பயப்படமாட்டான்.

"நமக்கெதுக்குப்பா இதெல்லாம், கையில துப்பாக்கியா இருக்கு?" என்பது அடுத்த கேள்வி. இருக்கிறதே! என்.சி.சி.யில் இருக்கிற நண்பர்கள் .22 ரைஃபிள் சுடுகிறார்கள். அந்தச் சின்னக் குண்டு ஒரு மைலுக்கு மேல் போகும். போலீஸ், ராணுவம் என்று பரீட்சை எழுதுகிறவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய பிறகு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகும் பிள்ளைகள் எவ்வளவு பேர்! இதெல்லாம் வேண்டாம், மெரினாவில் பலூன் சுடுகிற கடையிலாவது ஒருமுறை கையில் பிடித்திருப்பீர்கள். பலூன் உடையவில்லை என்றால் "குழல் வளைஞ்சிருக்குண்ணே" என்று கடைக்காரரிடம் சண்டை போட்டிருப்பீர்கள். குறியைக் கண்ணால் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

"கத்துக்குட்டிகள்தான் இப்படிச் செய்வார்கள், பழகியவர்களுக்கு வராது" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். மேத்யூ எம்மன்ஸ், அமெரிக்கர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் புரோன் பிரிவில் தங்கம் வாங்கியவர். சில நாட்கள் கழித்து மூன்று நிலைப் போட்டியின் இறுதியில், கடைசிக் குண்டுக்கு முன்னால் 3 புள்ளி முன்னிலை. சுமாராகச் சுட்டாலே தங்கம். சுட்டார். அவருடைய இலக்குப் பலகையில் ஒன்றும் பதிவாகவில்லை. பக்கத்து வரிசைக்காரரின் பலகையைச் சுட்டிருந்தார்! வழக்கமாக முதலில் பலகையின் எண்ணைப் பார்த்துவிட்டுப் பிறகு மையத்துக்கு இறங்குவார். அன்று எண்ணைப் பார்க்கவில்லை. எட்டாவது இடம்.

நாலு வருஷம் கழித்து பீஜிங். அதே போட்டி, அதே கடைசிக் குண்டு, இப்போது 3.3 புள்ளி முன்னிலை. இலக்குக்கு மேலே குறிவைத்து மெதுவாகக் கீழே இறங்குவது அவர் பாணி. இறங்கி வரும்போதே விரல் ட்ரிக்கரைத் தொட்டுவிட்டது. 4.4. நாலாவது இடம். உலகத்தின் மிகச் சிறந்த கைகளில் ஒன்று அது. போகவேண்டிய இடத்துக்குக் குழல் போய்ச் சேருவதற்கு முன்னால் விரல் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். அங்கே போனது ஒரு பதக்கம். எதிரே மண்மேடு இருந்ததால் பதக்கத்தோடு போயிற்று.

அதே பீஜிங்கில் பிந்த்ரா கதை வேறு மாதிரி. இறுதிச்சுற்றுக்கு முன்னால் சோதனைக்காகச் சுட்டபோது குண்டு மையத்தைவிட்டு வெகுவாக விலகிப் போயிற்று என்று அவரே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். சைட் எப்படியோ நகர்ந்திருந்தது. அந்த நேரத்தில் "நான் சரியாத்தான் பார்த்தேன்" என்று வாதாடிக்கொண்டிருக்கவில்லை. இருந்த சில நிமிஷத்தில் சைட்டைத் திருத்திக்கொண்டு தங்கத்தோடு ஊர் திரும்பினார். கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம்மூரில் சொல்வதை அந்த மனிதர் துப்பாக்கியில் செய்து காட்டினார். கண்ணை நம்பவில்லை, ஓட்டையை நம்பினார்.

இப்போது முதல் வகை ஆளுக்கு வருகிறேன். 2006 பிப்ரவரி 11, டெக்சாஸ். அப்போதைய அமெரிக்கத் துணை ஜனாதிபதி டிக் செனி காடை வேட்டைக்குப் போனார். இது ரைஃபிள் இல்லை, சிதறு குண்டுத் துப்பாக்கி. ஆனால் விஷயம் ஒன்றேதான். பறக்கிற காடையைக் கண் தொடர்ந்தது, கண்ணைக் குழல் தொடர்ந்தது, குழல் சுற்றி வந்த பாதையில் கூடவந்த 78 வயது வழக்கறிஞர் நின்றார். முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் குண்டுச் சிதறல். உடனே என்ன பேச்சு வந்தது தெரியுமா? அந்தப் பெரியவர் தான் வருவதைக் குரல் கொடுத்துச் சொல்லவில்லையாம்! ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்த பெரியவர், செனி குடும்பம் பட்ட கஷ்டத்துக்காகத் தான் வருத்தப்படுவதாகச் சொன்னார். சுடப்பட்டவர் சுட்டவருக்காக வருத்தப்படுகிறார்! செனியின் அரசியல் எனக்குக் கொஞ்சமும் ஆகாது. ஆனாலும் சில நாட்கள் கழித்து டிவி பேட்டியில் ட்ரிக்கரை அழுத்தியது நான்தான் என்று அவர் ஒப்புக்கொண்டதை மறைக்கமாட்டேன். நம் செய்தி வாக்கியங்களில் அந்த ஒரு "நான்" தான் இல்லை.

"உண்மையிலேயே தானாக வெடித்த துப்பாக்கிகளும் உண்டே?" உண்டு. ரெமிங்டன் 700 என்ற புகழ்பெற்ற ரைஃபிளின் பழைய ட்ரிக்கர் அமைப்பு, கை வைக்காமலேயே சுட்டுவிடுகிறது என்று அமெரிக்காவில் பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. குறையை ஒத்துக்கொள்ளாமலே, ட்ரிக்கரை இலவசமாக மாற்றித் தர அந்தக் கம்பெனி 2014-ல் சமரசத்துக்கு வந்தது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். துப்பாக்கி தானாகவே வெடித்தது. எப்போது வெடிக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. எந்தப் பக்கம் வெடிக்கும் என்பது? அது முழுக்க முழுக்க உங்கள் கையில்தான் இருந்தது. குழல் மண்ணைப் பார்த்திருந்தால் மண்ணில் ஒரு பள்ளம். வீட்டுத் திண்ணையைப் பார்த்திருந்தால் ஒரு சாவு. ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் வகுத்த நாலு விதிகளை உலகம் பூராவும் சொல்லித் தருகிறார்கள். அழிக்க மனமில்லாத எதன் மேலும் குழல் முனை போகக்கூடாது என்பது அதில் ஒன்று. மற்ற மூன்றை மீறினால்கூட இந்த ஒன்று உயிரைக் காப்பாற்றிவிடும்.

வடக்கே கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிற பழக்கம் இருக்கிறது. "மேலதான சுட்டேன்" என்பது அங்கே சாக்கு. மேலே போனது கீழே வராதா? போதையில் ஆடிக்கொண்டே தூக்குகிற குழல் வானத்துக்குப் போகும் வழியில் எத்தனை பேர் முகத்தைக் கடந்து போகிறது? 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டத்தில் சுடுவதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சேர்த்தார்கள். செத்தால்தான் குற்றம் என்றில்லை, அப்படிச் சுட்டதே குற்றம். சட்டத்துக்கு எழுவாய் எது என்று தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

இவ்வளவு எழுத வைத்தது ஒரு செய்தி. 2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பக்கம் பசுமலைப்பட்டியில் உள்ள துப்பாக்கி சுடும் தளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தளத்துக்கு வெளியே, தன் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் 2022 ஜனவரி 3-ம் தேதி இறந்துபோனான். பாருங்கள், நானே "குண்டு பாய்ந்தது" என்றுதான் எழுதவேண்டியிருக்கிறது. எழுவாயாகப் போட வேறு ஆள் இல்லை.

அந்தக் குண்டு நேராக வந்ததா, பாறையில் பட்டுத் திரும்பி வந்ததா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் ஒரு மீட்டர் நீளமுள்ள ரைஃபிளின் முனை ஒரே ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால், 100 மீட்டரில் குண்டு 1 மீட்டர் மேலே போகும். 300 மீட்டரில் 3 மீட்டர். நாலு விரல் உயர்ந்தால் எந்த மண்மேடும் தடுக்காது. ராணுவ ரைஃபிள் குண்டு 3 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. இது தெரிந்துதான் தளத்துக்குப் பின்னால் மலையையும் மண்மேட்டையும் தேடுகிறார்கள். பாறை நிறைந்த இடத்தில் குண்டு தெறிக்கும் என்பதும் தெரிந்ததுதான். இத்தனையும் தெரிந்த பிறகு, அந்தப் பையன் சாவை "எதிர்பாராதவிதமாக" என்று எழுத எப்படிக் கை வருகிறது? எதிர்பார்ப்பதற்குத்தானே இவ்வளவு விதியும் இருக்கிறது?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. துப்பாக்கியைக் கையில் கொடுக்கிற இடங்களில், குறிபார்க்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் குழலைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு, காலியான குழல் வழியாகவே எதிரே பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கோப்பில் தெரிந்த இடம் வேறு, குழலில் தெரியும் இடம் வேறு என்று ஒருமுறை பார்த்தவன் சாகும்வரை மறக்கமாட்டான். தடுப்புக்குப் பின்னாலிருந்து சுடும்போது, சுடுகிறவனுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு ஆள் நின்று குழல் முனைக்கு எதிரே இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். இதற்குச் செலவு ஒரு பைசா கிடையாது. பயிற்சித் தளங்களைச் சுற்றி எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது அளந்து பாருங்கள். தளம் போட்ட காலத்தில் காடாக இருந்த இடத்தில் இன்றைக்குக் குழந்தைகள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக, எழுதுகிறவர்களுக்கும் பேசுகிறவர்களுக்கும். வாக்கியத்தில் ஆளைப் போடுங்கள். பெயர் தெரியாவிட்டால் "பயிற்சியில் இருந்த ஒருவர் சுட்டார்" என்று போடுங்கள். "வெடித்தது" என்று எழுதினால் விசாரிப்பதற்கு ஒன்றும் இருக்காது, இடி விழுந்த மாதிரி தலையெழுத்து என்று அழுதுவிட்டுப் போகவேண்டியதுதான். "சுட்டார்" என்று எழுதினால் அடுத்த கேள்வி தானாக வரும். யார் சுட்டது? குழல் எந்தப் பக்கம் இருந்தது? பக்கத்தில் நின்று பார்க்கவேண்டியவர் எங்கே போனார்? நார்த்தாமலைப் பையனின் அம்மாவுக்கு அந்த மூன்று கேள்விக்கும் பதில் சேரவேண்டும்.